ஆங்கில அகராதியில் நமது வயல்

அரசியல் பேசவேண்டிய கிழமைத்தாளிலே அகராதியைப் பற்றி எழுதப் புகுந்தால் நம் நண்பருட் சிலர் முகஞ் சுளிப்பர். நெல்லின் விலை, பசளையின் விலை, வேலி தாண்டி வரும் யானை என எழுதுதற்குரியன எத்தனையோ கிடக்க, ஆங்கிலத்தின் அருஞ்சொற்களைத் தேடிப்பிடித்து மகிழ்வது வேலையற்றோர் வேலையன்றோ என்பர். அவர்தம் கூற்றை நாம் ஏற்கவில்லை. சொல் வேட்டை காசு செலவில்லாத இன்பம். அன்றியும், இருபது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய பழக்கத்தில் ஒன்று கூறுகிறோம்: நகரத்தில் சாய்வு நாற்காலியில் இருப்பவனுக்கு விளையாட்டுப் பொருளாய் இருக்கும் அதே சொல், உறுதியிலே கைநாட்டு வைக்கும் விவசாயிக்குப் பொறியாய் அமைவதுண்டு. ஆதலின் இஃது அரசியலுக்குப் புறம்பான பேச்சன்று.

இதனை நாம் எழுதுவது கோமாரியிலிருந்து. திருக்கோவிலுக்குத் தெற்கே, பொத்துவிலுக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலும் சேனையுமாகக் கிடக்கும் சிற்றூர். தமிழ்நாட்டு அன்பரொருவரிடம் இவ்வூரின் பெயரைச் சொன்னால் அவர் முதலில் மாட்டைத்தான் நினைப்பார். ஏனெனில், மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் தோற்றுவிக்கும் நோய்க்குக் கோமாரி என்று பெயர். ஊர்ப்பெயருக்கும் நோய்க்கும் முடிச்சுப் போடுவது நம் நோக்கமன்று. நோயின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோம். கோ என்பது மாடு. மாரி என்பது கொள்ளைநோய். சாவைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. மழையைக் குறிக்கும் மாரியோடு இதனைக் குழப்பலாகாது.

ஆங்கிலத்திலும் கால்நடைக் கொள்ளைநோய்க்கு ஒரு பழஞ்சொல் உண்டு. மரின் என்பது அது. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், மோசே எனக் கிறித்தவரும் மூஸா நபி என முஸ்லிம்களும் போற்றும் பெரியாரின் வரலாற்றில், எகிப்தியரின் கால்நடைகள் மாண்டொழிந்த இடத்தில் அச்சொல் வருகிறது. இன்று இங்கிலாந்தின் நகரத்தாரிற் பலர் அதனைக் கேட்டும் அறியார். அதன் வேரைத் தோண்டிக்கொண்டு போனால், பழைய பிரெஞ்சு மொழி வழியாக, இலத்தீனில் சாதல் என்னும் வினையிற் போய் முட்டுகிறது. அந்த இலத்தீன் வினையும் மேற்சொன்ன வடமொழி வேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது மொழிநூலார் முடிபு. ஆகவே, கோமாரி கண்ட மாட்டைக் கட்டுத்தறியில் பிரித்துக் கட்டிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் நம் விவசாயியும், மரின் கண்ட மந்தையைப் பார்த்துக் கலங்கி நின்ற அக்காலத்து ஆங்கிலக் குடியானவனும், தாம் அறியாமலே, ஒரே வேரிற் கிளைத்த சொல்லைச் சொல்லித்தான் புலம்பியிருக்கின்றனர். இதை முதன்முதலிற் கண்ட அன்று நாம் அடைந்த மகிழ்ச்சி, நெடுநாள் இழுபட்ட வழக்கொன்றில் வெற்றி பெற்ற மகிழ்ச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஆங்கிலம் என்றால் கப்பலேறி வந்த துரைமாரின் மொழி, சப்பாத்துக் காலோடு நடக்கும் மொழி என்று நம் கிராமத்தார் அஞ்சுகின்றனர். அகராதியைத் திறந்து பாருங்கள், அதன் காலிலே வயற்சேறு ஒட்டியிருப்பது தெரியும். காய்ச்சல் முற்றி நோயாளி பிதற்றும் நிலையை வைத்தியர்கள் டெலிரியம் என்பர். இலத்தீனில் லிரா என்றால் ஏர்ச்சால். சாலைவிட்டு விலகிப் போவதே அச்சொல்லின் முதற்பொருள். மனம் தடுமாறுவதை, உழவுமாடு சாலைவிட்டு விலகுவதோடு ஒப்பிட்டவன் ஏர் பிடித்தவனாகத்தான் இருக்கவேண்டும். பேர்லோங் என்ற நீள அளவை நம்மில் முதியோர் பள்ளியிலே மனனஞ் செய்தது. 220 யார் கொண்ட அது, ஒரு சாலின் நீளம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். ஓரிணை எருது ஒரு நாளில் உழக்கூடிய நிலமே ஏக்கர் எனக் கொள்ளப்பட்டது. ஒரு பேர்லோங் நீளமும் 22 யார் அகலமும் கொண்ட துண்டு அது. எண்ணிப் பார்க்குமிடத்து, நம் எருதின் மூச்சையும் ஆங்கிலேயன் எருதின் மூச்சையும் வைத்துத்தான் இந்நாட்டின் காணிகள் இன்றும் எழுதப்பட்டு வருகின்றன.

இதனினும் சுவையானது றூட்டும் பேர்ச்சும். நான்கு றூட் ஓர் ஏக்கர். 160 பேர்ச் ஓர் ஏக்கர். கோமாரியில் பள்ளிக்கூட வாசலை மிதியாத முதியவரும் இக்கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இலண்டன் நகர இளைஞனிடம் பேர்ச் என்றால் மீனைக் காட்டுவான், அல்லது பறவை அமரும் கொம்பைக் காட்டுவான். றூட் என்றால் திருதிருவென விழிப்பான். பேர்ச் என்பது இலத்தீனில் நீண்ட கழியைக் குறித்த சொல்லின் வழிவந்தது. றூட் என்பதும் கோல் என்றே பொருள்படுவது. நம் முன்னோர் நிலத்தைக் கோலால் அளந்தது போலவே அவர்தம் முன்னோரும் அளந்தனர். வேடிக்கை என்னவெனில், பெற்ற நாட்டில் வழக்கொழிந்த இச்சொற்களுக்கு நம் நாட்டுக் காணி உறுதிகளிலே இன்னமும் உயிர் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாது என்று சொல்லித் தலைகுனியும் நம் விவசாயி, ஆங்கிலேயன் மறந்த ஆங்கிலத்தை நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஏர் பற்றிய சொற்களில் நாம் பெரிதும் விரும்புவது ஒன்றுண்டு. பூஸ்திரோபீடன் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு அஞ்சவேண்டாம். கிரேக்கத்தில் எருது திரும்பும் வகை என்று அதற்குப் பொருள். ஒரு வரியை இடமிருந்து வலமாக எழுதி, அடுத்த வரியை வலமிருந்து இடமாக எழுதி, உழும் மாடு வயற்கோடியில் திரும்புவது போலத் திரும்பித் திரும்பி எழுதும் முறைக்கு அப்பெயர் இட்டனர். கிறீற்றுத் தீவிலே கோர்ட்டின் என்னும் பழைய நகரத்தின் சட்டம் இம்முறையிலேதான் கற்சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, சொத்துரிமை, வாரிசுரிமை, திருமண முறிவு முதலியவற்றைக் கூறுகிறது. சட்டத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், ஊரார் பார்க்கும் சுவரிலே, உழவன் நடக்கும் நடையிலே எழுதி வைத்தனர். இச்செய்தியைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இனி, நம் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போய் ஆங்கில உடை அணிந்துகொண்ட சொற்கள். கட்டுமரமும் மிளகுதண்ணீரும் சுருட்டும் அங்கே போய்க் குடியேறியதைப் பலரும் அறிவர். பலர் அறியாதது, அனிக்கட் என நீர்ப்பாசனத் திணைக்களத்தார் ஆங்கிலத்தில் எழுதுவது நம் அணைக்கட்டே என்பது. கல்லணையை ஆங்கிலேயர் பேரணைக்கட்டு என்ற பொருளில் கிராண்ட் அனிக்கட் என்றே எழுதினர். தேங்காய்ப் புண்ணாக்கு பூனக் என்ற பெயரோடு ஆங்கில அகராதியில் வீற்றிருக்கிறது. நம் வீட்டுப் பசு தின்று மீந்தது போலும்! இரத்தினக்கற்களை ஆராய்வோர் கூறும் கொறண்டம் குருந்தம் என்ற நம் சொல்லே என அகராதிகள் ஒப்புகின்றன. தோணியும் கஞ்சியும் பந்தலும் ஓலையும் உள்ளே இருக்கின்றன.

இவ்விடத்தில் நம்மவரில் ஒரு சாராரைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. எட்டு என்பதும் ஆங்கில எய்ட் என்பதும் ஒலியால் ஒத்திருக்கின்றன. ஆகவே ஆங்கிலம் தமிழிலிருந்து பிறந்தது என்று மேடையிலே முழங்குவோர் உளர். கைதட்டலும் பெறுகின்றனர். நாம் சட்டம் படித்தவர்கள். காணி எனதே என ஒருவன் வந்தால், முகச்சாயலைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதில்லை. யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில், எந்த உறுதியால் வந்தது என்று உரித்துத் தொடரைக் கேட்கிறோம். சொல்லுக்கும் அதுவே நியாயம். அனிக்கட் என்பதற்குத் தொடர் இருக்கிறது. எய்ட் என்பதற்கும் தொடர் இருக்கிறது. ஆனால் அது செர்மானிய மொழிகளின் வழியே வேறு குடும்பத்திற்குப் போகிறது. காசு என்ற சொல்லின் வழக்கு மிக நுட்பமானது. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உள்ளன. ரொக்கப் பணத்தைக் குறிப்பது பெட்டி என்று பொருள்படும் ஐரோப்பியச் சொல்லின் வழிவந்தது. கீழைநாட்டுச் சிறு நாணயத்தைக் குறிப்பதே போர்த்துக்கேயர் வாய்வழிப் போன நம் காசு. இரண்டையும் ஒன்றெனக் கூறி முழுக்காணிக்கும் உரிமை கோரினால், உண்மையில் நமக்குரிய பங்கையும் பிறர் ஐயுறுவர்.

அனகொண்டாவின் கதையோ தீராத வழக்கு. 1693ஆம் ஆண்டில் ஜோன் ரே என்ற ஆங்கில அறிஞர் வெளியிட்ட பட்டியலில், இலங்கையின் பெரும்பாம்பு ஒன்றின் பெயராக அச்சொல் தோன்றுகிறது. ஹென்றி யூல் என்பவர் அதனை ஆனையைக் கொன்றது என்ற தமிழ்த் தொடரோடு இணைத்தார். வேறு சிலர் ஹெனகந்தயா என்ற சிங்களப் பாம்புப் பெயரைக் காட்டினர். இதற்கிடையில் அப்பெயரைத் தட்டிக்கொண்டு போனது தென்னமெரிக்கக் காட்டுப் பாம்பு. அஃது ஆனையையும் கண்டதில்லை, இலங்கையையும் கண்டதில்லை. வாதி பிரதிவாதி இருவரும் சண்டையிட்டுக்கொண்டிருக்க, மூன்றாமவன் காணியில் வீடு கட்டிக் குடிபுகுந்த கதைதான்.

அந்த யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த பர்னலும் சேர்ந்து தொகுத்த அகராதி 1886இல் வெளிவந்தது. பர்னல் அதற்கு நான்காண்டு முன்னரே இறந்துவிட்டார். ஹொப்சன்-ஜொப்சன் என்பது நூலின் பெயர். முஹர்ரம் ஊர்வலத்தில் யா ஹசன், யா ஹுசைன் என மக்கள் எழுப்பிய ஒலி ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் அவ்வாறு விழுந்ததாம். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள நம் முஸ்லிம் அன்பர்களுக்கு இது சிரிப்பையும் சினத்தையும் ஒருங்கே தரக்கூடும். அவர்களுக்கு உவப்பான மற்றொரு சொல்லும் இருக்கிறது. அரபியர் இந்நாட்டைச் செரந்தீப் என அழைத்தனர். செரந்தீப்பின் மூன்று இளவரசர் பற்றிய கதை ஐரோப்பா சென்றது. அதனைப் படித்த ஹொரேஸ் வால்போல் என்பவர் 1754 சனவரி 28இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் செரண்டிப்பிற்றி என்று ஒரு புதுச்சொல்லைப் புனைந்தார். தேடாத நற்பொருளைத் தற்செயலாகவும் மதியாலும் கண்டடைதல் என்பது அதன் கருத்து. அகராதி புரட்டுவோன் அடையும் இன்பத்திற்கு இதனினும் பொருத்தமான பெயரில்லை. அப்பெயரும் நம் நாட்டின் பெயரே.

இன்பத்தைச் சொன்னோம். பொறியையும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளின் முன் இப்பகுதி முதியவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய பழைய உறுதியொன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு எம்மிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. பேரப்பிள்ளை அகராதி பார்த்துச் சொன்னானாம், இதில் சேர்விற்றியூட் என்று இருக்கிறது, அதற்குப் பொருள் அடிமைத்தனம் என்று. “தம்பி, என்ர வாப்பா எங்களை ஆருக்கு அடிமையா எழுதி வெச்சார்?” என்று கேட்டார். பிள்ளை பார்த்த பொருள் பிழையன்று. ஆனால் உரோமன்-டச்சுச் சட்டத்திலே அச்சொல் ஒரு காணி மற்றொரு காணிக்குச் செய்யும் சேவையைக் குறிக்கும். அயலவர் தம் வரவைக்கு மாடும் ஏரும் கொண்டு செல்ல, இவர் வரம்போரமாக ஒரு வழி விடவேண்டும், அவ்வளவே. வழியுரிமை என்று ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டியது, ஒரு குடும்பத்தின் சில நாள் உறக்கத்தைத் தின்றது. எழுத்தறியாதவர்க்கு உறுதியை வாசித்து விளக்கிய பின்னரே நொத்தாரிசு அதனை அத்தாட்சிப்படுத்தல் வேண்டும் என 1907ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் கூறுகிறது. வாசித்தல் நடக்கிறது. விளக்குதல் எத்தனை இடங்களில் நடக்கிறது என்பதை வாசகரே தத்தம் நினைவிலிருந்து எண்ணிக்கொள்ளட்டும்.

இதுபோன்றதே பிறஸ்கிறிப்சன் என்ற சொல். நம் மக்களுக்கு அது டாக்டர் எழுதித் தரும் துண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தில் அதன் பொருள், பிறர் காணியைப் பத்தாண்டு இடையீடின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டவன் பெறும் உரித்து. மருந்துத் துண்டு என எண்ணி அயர்ந்தவன் காணியை இழக்கிறான். அரச காணியிலும் பத்தாண்டு இருந்தால் உரித்து வந்துவிடும் என நம்பினவனோ, அச்சட்டம் அரசுக்கு எதிராகச் செல்லாது என்பதை வெளியேற்றும் கட்டளை வந்தபின் அறிகிறான்.

எல்லாவற்றிலும் பெரிய பொறி 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். காடு, வெறுநிலம், குடியில்லா நிலம், பயிரிடா நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியன என ஊகிக்கப்படும் என்றது அது. வேஸ்ற் என்ற ஓர் ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள். எழுதுமேசைக்கு முன்னால் இருந்தவனுக்கு அது வெறுநிலம். ஊரவனுக்கு அது மாட்டின் மேய்ச்சல், விறகு, தேன், சில ஆண்டு ஆறப்போட்டுத் திரும்பி வந்து வெட்டும் சேனை. ஆறக் கிடக்கும் நிலம் வீணாய்க் கிடக்கும் நிலமன்று என்பது ஏர் பிடித்த எவனுக்கும் தெரியும். அச்சொல்லைத் தேர்ந்தவனுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் எழுதினான். கண்டி மாகாணங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், இடைவிட்டுப் பயிரிடும் சேனைகளை நேரே முடிக்குரியனவாகவே கருதச் செய்தனர். தம் நிலத்தைக் கொண்டுபோன சொல்லை வாசிக்கவும் இயலாதிருந்தனர் நிலத்தவர்.

அது வெள்ளையர் காலம், இன்று சட்டம் தமிழிலும் வருகிறதே என்பர். வருகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆனால் தமிழிற் கிடைக்கும் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தில், அரசு காணியைக் குடிமகனுக்கு வழங்குவதை ஆங்கிலத்தில் ஏலியனேசன் என்றனர். நாம் அதனைத் தமிழாக்கிய அழகு, பராதீனப்படுத்தல். கோமாரி விவசாயிக்கு முன்னதும் விளங்காது, பின்னதும் விளங்காது. கொடுத்தல், வழங்குதல் என்ற சொற்கள் என்ன குற்றம் செய்தன? ஆங்கிலம் தன் இலத்தீன் முகமூடியைக் கழற்றவில்லை என்று குறை கூறும் நாம், நம் சட்டத்தமிழுக்கு வடமொழி முகமூடி மாட்டி அனுப்புகிறோம்.

அதனையும் பொறுத்துப் படித்து முடித்தால், பாராளுமன்றச் சட்டங்களின் கடைசிப் பிரிவு காத்திருக்கிறது. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை ஏற்படின் சிங்கள உரையே மேலோங்கும் என்பது அது. ஆகத் தமிழ் விவசாயி தமிழுரையைப் படிக்கிறார். அவருடைய சட்டத்தரணி மேல்நீதிமன்றங்களில் ஆங்கில உரையை வைத்து வாதிடுகிறார். இறுதிச் சொல் இருவரும் படியாத மூன்றாவது உரையில் இருக்கிறது. கோர்ட்டின் நகரத்துச் சுவரை நாம் நினைவூட்டியது இதற்காகவே. இரண்டு உரைகளும் நிகரானவை, ஒவ்வாமை நேரின் சட்டத்தின் நோக்கத்திற்கு இசைந்த உரையை நீதிமன்றம் கொள்ளும் என ஒரு பிரிவு எழுதுவது பெருஞ்செயலன்று. பன்மொழி வழங்கும் கனடா நாட்டில் ஆங்கில உரையும் பிரெஞ்சு உரையும் சமவலு உடையனவாகவே 1982ஆம் ஆண்டின் அரசியற் சட்டத்தால் ஆக்கப்பட்டுள்ளன. அங்கே வானம் இடிந்து விழவில்லை.

பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வி பற்றியும் ஒரு வார்த்தை. மாலை வகுப்புகளில் கட்டணம் வாங்கி, வணக்கம் கூறவும் வேலைக்கு விண்ணப்பம் எழுதவும் கற்பிக்கின்றனர். வேண்டியதுதான். ஆனால் சொல்லின் மேல் ஆசை பிறவாத பிள்ளை, அச்சத்தோடு கற்று அச்சத்தோடு மறக்கும். சேர்விற்றியூட் என்பதற்கு அடிமைத்தனம் எனக் கண்டு பாட்டனாரைக் கலங்கச் செய்த அந்தப் பேரனே நமக்கு வேண்டிய பிள்ளை. அவனிடம் இருந்தது சின்ன அகராதி, அதுவே குறை. பொத்துவில் தொடங்கிக் கல்முனை வரை ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் ஒரு பெரிய ஆங்கில அகராதியும் ஒரு தமிழ்ப் பேரகராதியும் பூட்டாத அலுமாரியில் இருத்தல் வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்கு ஒலிபெருக்கி வாங்கும் பணத்தில் ஒரு பகுதி போதும்.

பெரும்போக அறுவடை முடிந்த பின், மாசி மாதத்து ஞாயிறுகளில், கோமாரியில் உறுதி வாசிப்பு நடத்த எண்ணியுள்ளோம். கட்டணமில்லை. தமிழர், முஸ்லிம்கள் யாவரும் வரலாம். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், கச்சேரியிலிருந்து வந்த விளங்காத கடிதம் எதுவாயினும் கொணர்க. மூலத்தைக் கையிலே வைத்துக்கொண்டு பிரதியை எம்மிடம் தருக. வாசிக்கத் தெரிந்த பேரன் பேத்தி இருந்தால் அவர்களையும் அழைத்து வருக. பெட்டகத்தின் அடியிலே பாட்டன் காலத்து ஓலை கிடந்தால் அதனையும் எடுத்து வருக. ஓலா என்ற அச்சொல்லும் ஆங்கில அகராதியில் இருக்கிறது. பிள்ளைகளே தேடிக் காட்டட்டும்.